என் அக்காவுக்குக் கரண்ட் அடுப்பு மாட்டிய கதை

"பிளக் போட்டாச்சு. நீ ஒண்ணும் அவசரப்பட்டு... வர வேணாம்" என்று அக்கா போனில் சொன்னபோது, நான் பதுளையில் ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தேன். கீழே விழாதது யார் செய்த புண்ணியமோ தெரியாது.

"எதுக்குப் பிளக் போட்ட?"

"அடுப்புக்குத்தான்டா. மக அனுப்புன கரண்ட் அடுப்புக்கு."

"எந்தப் பிளக்?"

"பழைய அயன் பெட்டி... சும்மாதானே கெடக்கு. அதுல இருந்து வெட்டி எடுத்து... போட்டேன்."

அயன் பெட்டிப் பிளக்! அந்த அடுப்பு பண்டாரவளையில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நின்ற அடுப்பு. மேலே நாலு தட்டு, கீழே ஓவன். அதை அயன் பெட்டிப் பிளக்கில் கொளுவுவது, லொறிப் பாரத்தை முச்சக்கர வண்டியில் ஏற்றுகிற வேலை.

"போட்டுக்கீட்டுப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு தரம்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. சுவரு கொஞ்சம்... கறுத்துப் போச்சு. சுண்ணாம்பு அடிச்சா... போயிரும்தானே."

இதுதான் என் அக்கா பூவம்மா. மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் இருக்கிறாள். நான் அவளுடைய ஒரே தம்பி லிங்கம். வயரிங் வேலைதான் என் பிழைப்பு. ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு வயர் இழுத்திருக்கிறேன். எந்த வீட்டுக்காரரும் என் உயிரை இப்படி வாங்கியதில்லை.

அவள் பேச்சுக்கு நடுவே விடும் இடைவெளிகளை யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். யோசிக்கிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது. மூச்செடுக்க நிற்கிறாள், அவ்வளவுதான். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லி முடிக்க அவளுடைய நெஞ்சு விடுவதில்லை. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து குந்தினால் விறகடுப்பு, புகை, கண்ணெரிச்சல் என்று வயது முழுக்க ஊதாங்குழலோடு போய்விட்டது. ஒரு தரம் இழுப்பு முற்றிக் கொண்டுபோனபோது, பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னையும் வைத்துக்கொண்டே தெளிவாகச் சொன்னார்: "அம்மா, இனிமே விறகடுப்புப் பக்கம் போகக் கூடாது. புகையை நிப்பாட்டினா இருக்கிற மூச்சைக் காப்பாத்தலாம். நிப்பாட்டாட்டி, அடுத்த தரம் இப்படி வந்தா நெஞ்சு தாங்காது."

அக்கா தலையை ஆட்டினாள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக விறகடுப்பைப் பற்ற வைத்து டீ ஊற்றினாள். கேட்டதற்கு, "டொக்டருக்கு என்ன, அவரு வீட்டுல... யாராச்சும் டீ ஊத்திக் குடுப்பாங்க" என்றாள்.

காஸ் அடுப்பு என்ற பேச்சையே அவள் எடுக்க விடவில்லை. நாடு முழுக்க சிலிண்டர் வெடித்த செய்தி வந்த காலத்தில் பிடித்த பயம், இன்னும் விடவில்லை. அப்படியே அவள் சம்மதித்தாலும், அந்த ஏற்றத்தில் சிலிண்டரை யார் தூக்கிக்கொண்டு போவது? ஒற்றைத் தட்டுக் கரண்ட் அடுப்பு ஒன்று போதும் என்று நான் மருமகளிடம் சொன்னேன். என் பேச்சை இந்தக் குடும்பத்தில் யார் கேட்டார்கள்? அக்காவின் மகள் விதுர்ஷா அந்த ஹோட்டல் சமையலறையில்தான் வேலை செய்கிறாள். "மாமா, இங்க புது அடுப்பு மாத்துறாங்க. பழசை எனக்குச் சும்மாவே தர்றேன்னாங்க. நல்லா வேலை செய்யுது மாமா" என்று குதித்தாள். பேசி முடிப்பதற்குள் மரக்கறி லொறியில் ஏற்றியும் அனுப்பிவிட்டாள். இரும்புப் பெட்டி, எருமைக்கன்று கனம். லயத்து ஆட்கள் எல்லாருமாகச் சேர்ந்து படியில் தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் குசினியில் இறக்கினார்கள். பின்னால் மூன்று தடித்த வயர் நுனிகள் நீட்டிக்கொண்டு இருந்தன. அதைப் பார்த்ததும் அக்காவின் கை சும்மா இருக்குமா?

அவள் கை எதற்கும் சும்மா இருந்ததில்லை. வேலைக்குப் போன காலத்தில், ஒருநாள் கங்காணி ஈரக் கொழுந்து என்று கூடுதலாக நிறையைக் கழித்தபோது, கூடையைத் தராசிலிருந்து இறக்கி, கொழுந்தை இரண்டு கையாலும் பிழிந்து, "எங்க தண்ணி? காட்டுங்க பாப்பம்" என்று அத்தனை பேருக்கு முன்னால் நின்றவள். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் அவள் பேரைக் கூப்பிட மறந்தார்கள். அவள் மறக்கவில்லை, கூப்பிடும் வரைக்கும் பெரட்டுக் களத்தை விட்டு நகரவில்லை. அக்கா புருஷன், என் மச்சான், கொழும்புக்கு வேலைக்கென்று போனவர் போனவர்தான். அக்கா அழுததாக நான் பார்க்கவில்லை. மகளைப் படிக்க வைத்தாள். அடுத்தவளுக்கு நனைகிறதே என்று மழைக்குக் கட்டுகிற படங்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தான் சொட்டச் சொட்ட நனைந்து வருவாள். இருமல் வந்தால், "குளிருக்குத்தான்" என்பாள். நல்லவள்தான். ஆனால் அந்த நல்ல குணத்துக்குப் பக்கத்தில் இருந்து பாருங்கள், தெரியும்.

அன்றைக்கே வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு பசறைக்குப் போய், அங்கிருந்து மடுல்சீமை பஸ் ஏறினேன். பாதையா அது! பஸ் ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறியது. நான் ஒவ்வொரு குழிக்கும் அக்காவை ஒரு தரம் திட்டினேன்.

சுவரில் இருந்த பிளக் துவாரம் கரிந்து, வாய் பிளந்து கிடந்தது. பிளாஸ்டிக் உருகிய நாற்றம் இன்னும் போகவில்லை. அக்கா அதன் மேல் ஒரு சாமி கலண்டரைத் தொங்கவிட்டு மறைத்திருந்தாள்.

"இது பத்தியிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?" என்றேன்.

"அதான் பத்தலையே."

தலையில் அடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். மின்சாரத்தை மெயினில் நிறுத்தினேன். அடுப்புக்கென்று மீற்றர் பலகையிலிருந்தே தனி லைன் இழுத்தேன். தடித்த வயர், குழாய்க்குள் விட்டு. அந்த லைனுக்கென்று தனி பிரேக்கர். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கைக்கெட்டும் இடத்தில் பெரிய சுவிட்ச். அதை அடுப்புக்கு நேர் மேலே வைக்கச் சொல்லி அக்கா சண்டை பிடித்தாள். "சட்டி பத்திக்கிட்டா நெருப்புக்கு மேலால கையை நீட்டியா நிப்பாட்டுவ?" என்று கேட்டேன். "என் சட்டி ஏன்டா பத்துது?" என்றாள். பழைய வீட்டு லைனுக்கு ட்ரிப் சுவிட்ச் இருந்தது. அதன் பொத்தானை அமுக்கிப் பார்த்தால் அசையவில்லை. செத்துப் போய்க் கிடந்தது. அதையும் மாற்றினேன்.

ஏர்த் கம்பி அடிப்பதுதான் பெரும்பாடு. அந்த மண்ணில் இரண்டு சாண் தோண்டினால் கல். கம்பி இறங்குகிற மாதிரி ஈரமான இடம் லயத்துப் பொதுக் குழாயான பீலியின் தண்ணீர் வழிந்து ஓடும் மூலை ஒன்றுதான். அங்கே அக்காவின் வல்லாரைப் பாத்தி.

"அதுல கை வச்சே... பாரு!"

"ஏர்த் இல்லாம இரும்பு அடுப்பைத் தொட்டா ஷொக் அடிக்கும். வல்லாரை வேணுமா, உயிர் வேணுமா?"

"பாத்திக்கு அந்தப் பக்கம்... அடியேன்டா."

"அந்தப் பக்கம் கல்லு அக்கா!"

பாத்திக்கு நடுவில்தான் அடித்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

கூரைப் பக்கம் ஏறிப் பார்த்தபோதுதான் அந்த வயரைக் கண்டேன். லயத்து வீடுகளைக் கட்டியவர்கள் நடுச்சுவரைக் கூரை வரைக்கும் கட்டவில்லை. சுவர் ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரைக்கும் வெறும் வெளி. அந்த வெளியால், அக்கா வீட்டு விளக்கு லைனிலிருந்து மெல்லிய வயர் ஒன்று சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனது. முறுக்கி, சொலுசன் டேப்புக்குப் பதிலாக ரொட்டிப் பொலித்தீனைச் சுற்றியிருந்தது.

"யாருக்குப் போகுது இது?"

"ரெங்கம்மாவுக்கு" என்றாள், தேங்காய் இரவல் கொடுத்த மாதிரி.

ரெங்கம்மா அடுத்த வீட்டில் தனியாக இருப்பவள். அக்காவை விட இரண்டு மூன்று வயது இளமை. அந்த வீட்டில் இப்போது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்கள் யாரும் இல்லை. ஆகவே கரண்ட் எடுக்கத் தோட்டத்து ஆபீஸ் கடிதம் தராமல் இழுத்தடிக்கிறார்கள். லயத்தில் இப்படி இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலால் ஒரு வயரை எறிந்துவிடுவார். உப்பு, மிளகாய் கொடுக்கிற மாதிரி கரண்டும் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்கிறவனைத்தான் மனிதனாக மதிக்க மாட்டார்கள்.

நான் அக்காவை உட்கார வைத்துக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னேன். இந்த மீற்றர் தாங்குகிற அளவு ஒன்று இருக்கிறது. அடுப்பின் நாலு தட்டையும் ஓவனையும் ஒன்றாகப் போட்டாலே அந்த அளவைத் தொட்டுவிடும். எனவே ஒரு நேரத்தில் இரண்டு தட்டு, இல்லாவிட்டால் ஓவனும் ஒரு தட்டும். அதற்கு மேலே அடுத்த வீட்டுப் பாரத்தையும் இதில் ஏற்றினால் சரி வராது. அதுவும் இந்த நூல் வயரில்! கூரைச் சட்டமெல்லாம் காய்ந்த மரம். ஒரு வீடு பற்றினால் லயமே போய்விடும்.

"வெளங்குதா?"

"வெளங்குது."

"கழட்டட்டுமா?"

"கழட்டு."

இவ்வளவு சுளுவாக அக்கா எதற்காவது சம்மதித்தாள் என்றால் அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வயரைக் கழற்றிச் சுருட்டி, ரெங்கம்மாவிடம் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன். "சரிங்க தம்பி, அக்காவோட ஒடம்புதானே முக்கியம்" என்றாள் அவள், முகம் சுளிக்காமல். அக்காவின் அடுப்பில் முதல் பால் பொங்கியது. அக்கா தட்டின் மேல் கையைக் காட்டிச் சூடு பார்த்தாள். "பொகையே இல்லடா" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறினேன்.

கொஞ்ச நாள் கழித்து லுணுகலையில் ஒரு வேலை முடிந்து வரும் வழியில், எட்டிப் பார்த்துவிட்டுப் போவோம் என்று பசறையில் இறங்கிப் பஸ் மாறி மேலே போனேன். முதலில் கண்ணில் பட்டது ஆடு. வல்லாரைப் பாத்தியில் நின்று நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. அதன் கயிறு நான் அடித்த ஏர்த் கம்பியில் கட்டியிருந்தது. ஆடு இழுத்த இழுப்பில் கம்பி சாய்ந்து, அதில் நான் பொருத்திய வயர் கழன்று, மண்ணில் கிடந்தது.

"அக்கா!"

"என்னாடா இப்படி... கத்துற?"

"இதுலயா ஆட்டைக் கட்டுவ?"

"நல்லா எறக்கி... அடிச்சிருக்கியேன்னுதான் கட்டுனேன். வேற எந்த முளையும்... மண்ணுல நிக்குதில்லையே."

என் வேலைக்கு அப்படி ஒரு பாராட்டு! ஆட்டை அவிழ்த்து, கம்பியை நிமிர்த்தி, வயரைத் திரும்பப் பொருத்தி, சுற்றிக் கல் அடுக்கினேன். உள்ளே போய் அடுப்புச் சுவிட்சைப் பார்த்தேன். அதன் மூடி லேசாகக் கோணி இருந்தது. நான் அப்படி விட்டுப் போகிறவன் இல்லை. மெயினை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றினேன்.

அந்தத் தடித்த வயர்களோடு சேர்த்து, நான் கழற்றிய அதே நூல் வயர்! அங்கிருந்து சுவரோரமாக ஏறி, கூரைக்குள் போய், ரெங்கம்மா வீட்டுக்கு இறங்கியது.

எனக்கு உச்சந்தலையில் பற்றிக்கொண்டு வந்தது. "யாரு செஞ்ச வேலை இது?"

"நான்தான்" என்றாள் அக்கா. சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு. "மெயினை நிப்பாட்டிட்டுத்தான்... செஞ்சேன். நீ செஞ்சதப் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். பழைய லைன் தாங்காதுன்னு... நீதானே சொன்ன. இது தடிச்ச வயரு. தாங்கும்னு இதுல குடுத்தேன்."

"தடிச்சது தாங்கும். இந்த நூலு தாங்குமா? நூலு சூடாகி உருகிக் கூரை பத்துற வரைக்கும் பெரிய பிரேக்கர் விழாது அக்கா! அது அடுப்புக்காக வச்ச பிரேக்கர், இந்த நூலைக் காப்பாத்த வச்சது இல்ல. முந்தியாச்சும் சின்னப் பிரேக்கர்ல இருந்திச்சு. இப்ப நீ நேரா கொள்ளிக்கட்டையைக் கூரைக்குள்ள சொருகி வச்சிருக்க!"

"அவ இருட்டுல உக்காந்து சாப்பிடுறா. நான் இங்க... பளபளன்னு லைட்டைப் போட்டுக்கிட்டு..." மூச்சு அடைத்தது. மூச்சு மருந்துப் பம்பை எடுத்து வாயில் வைத்து அமுக்கினாள். அதை வைத்துக்கொண்டே கண்ணால் என்னைத் திட்டினாள்.

சத்தம் கேட்டு ரெங்கம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் வீட்டுக்குள்ளும் போய்ப் பார்த்தேன். அந்த நூல் வயரில் ஒரு விளக்கு மட்டும் இல்லை. ரைஸ் குக்கர் ஒன்றும் இருந்தது. வெளியூரில் வேலை செய்யும் மகன் வாங்கிக் கொடுத்ததாம். வயரைத் தொட்டால் கை சுட்டது.

அன்றைக்கு நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. வயரை அடியோடு கழற்றி என் சாக்கில் போட்டுக்கொண்டேன். "இனி இதுல ஒரு துண்டு வயரைக் கொளுவுனாலும் அடுப்பையும் கழட்டிக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் ஊதாங்குழலைப் பிடிச்சுக்கிட்டுச் சாவு!" என்றேன். ரெங்கம்மாதான் சமாதானம் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க தம்பி. எனக்கு வெறகு இருக்கு. தேயிலைக் கவாத்து வெட்டுன மிலாறு நெறைய அடுக்கி வச்சிருக்கேன்." சொன்னபடியே அப்போதே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். நான் கோபத்தோடு இறங்கி வந்துவிட்டேன். வேலை சுத்தமாக இருக்கிறது, இனிப் பயமில்லை என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் விதுர்ஷா அழுதுகொண்டு போன் எடுத்தாள். அம்மாவைப் பசறை ஆஸ்பத்திரியில் வைத்து ஒக்சிஜன் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், வீட்டுக்கு வந்ததும் பழையபடி இழுக்கிறது என்றாள். "அடுப்புதான் வந்திருச்சே மாமா. இன்னும் ஏன் அம்மாவுக்கு இப்படி வருது? இந்தத் தரம் பொழைச்சதே பெருசுன்னு நர்ஸ் சொன்னாங்க மாமா."

ஏன் வருகிறது என்று எனக்கா தெரியாது? இவள் களவாக விறகடுப்பு எரிக்கிறாள்! வேறென்ன? கரண்ட் அடுப்பில் சுட்ட ரொட்டி ருசிக்கவில்லை என்று அன்றைக்கே முணுமுணுத்தவள்தானே. கையும் களவுமாகப் பிடித்து, அந்த அடுப்புக் கல்லைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். சொல்லாமல் கொள்ளாமல் போனேன்.

காலை நேரம். லயத்தில் எல்லா வீட்டிலும் சமையல். அக்கா குசினியில் ஒரு சின்னப் பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. கரண்ட் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"எங்க எரிச்ச? வெறகை எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்று கத்தினேன்.

அவளால் பேச முடியவில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள். நான் நம்பவில்லை. மூலையில் பழைய விறகடுப்பைப் போய்ப் பார்த்தேன். அதற்குள் கோழி ஒன்று அடை படுத்திருந்தது. என்னைக் கண்டு உறுமியது. சாம்பல் இல்லை, சூடில்லை. அடுக்களைக்குப் பின்னால் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். ஒரு சுள்ளி கூட இல்லை. ஆனால் என் கண் எரிந்தது. எனக்கே தொண்டை கரகரத்து இருமல் வந்தது.

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். சுவருக்கு மேலால், தகரத்தை ஒட்டி, புகை மெத்தென்று வந்து அக்காவின் குசினிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல தடித்த மிலாற்றுப் புகை. அக்காவின் விறகடுப்பு எரிந்த காலத்தில் எது யாருடைய புகை என்று யாருக்குத் தெரிந்தது? ரெங்கம்மாவின் ரைஸ் குக்கர் வேலை செய்தபோது அவள் அடுப்பு பாதி நேரம்தான் எரிந்தது. நான் கழற்றிய நாளிலிருந்து காலை, பகல், பின்னேரம் எல்லாம் எரிகிறது. கூரைக்குள் தலையை விட்டு ஒரு வயரைப் பிடித்துப் பிடித்து அந்த வீடு வரைக்கும் போய்ப் பார்த்த மனிதன் நான். அந்த வழியால் வேறு என்ன வரும் என்று என் மண்டைக்கு ஏறவில்லை. தடித்த வயர், தனி பிரேக்கர், ஏர்த், எல்லாம் செய்து, அக்காவைப் பத்திரமாகப் புகைக்குள் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

என் சத்தத்துக்கு ரெங்கம்மா ஓடிவந்தாள். கையில் அகப்பை. அக்காவைப் பார்த்தாள். நான் மேலே பார்ப்பதைப் பார்த்து அவளும் பார்த்தாள்.

"அது என் வீட்டுப் பொகையா?" என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன்.

"ஐயோ, என் பூவக்கா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுந்து நெருப்பு சீறியது. கொஞ்சத்தில் திரும்பி வந்தாள். துணியில் பிடித்துக்கொண்டு, பாதி வெந்த சோற்றுப் பானை. கரண்ட் அடுப்புக்கு முன்னால் வந்து நின்று, எதைத் திருகுவது என்று தெரியாமல் முழித்தாள். நான் அக்காவைக் கைத்தாங்கலாகத் தூக்கி, வெளியே காற்றுக்குக் கொண்டுபோய் உட்கார வைத்துப் பம்பைக் கொடுத்தேன். பிறகு வந்து ரெங்கம்மாவுக்குத் தட்டைப் போட்டுக் கொடுத்தேன். பானையை வைத்துவிட்டுச் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெளியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அரை வேக்காட்டுல... ஏன்டி எறக்குன? சோறு... கொழையும்டி."

அன்றையிலிருந்து ரெங்கம்மாவின் சமையல் அக்காவின் அடுப்பில்தான். அவள் அடுப்புக் கல்லை அவளே பெயர்த்து எறிந்தாள். இருட்டுக்கு நான் சார்ஜ் விளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பகலில் அக்கா வீட்டில் சார்ஜ் போட்டு, பின்னேரம் எடுத்துக்கொண்டு போவாள். கரண்ட் கடிதத்துக்காகத் தோட்டத்து ஆபீசுக்கு நானும் நடக்கிறேன். இந்தா அந்தா என்கிறார்கள். மற்ற வீட்டுப் புகையும் கொஞ்சம் வரத்தான் செய்யும் என்று, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் பலகை அடித்து அடைத்தேன். அதற்கும் அக்கா, "ரெங்கம்மா கூப்பிட்டா... கேக்காதேடா" என்று ஒரு மூச்சு சண்டை போட்டாள்.

இரண்டு பேரும் ஒரு குசினியில் என்றால் சும்மா இருப்பார்களா? முன் தட்டு உனக்கா எனக்கா, நீ ஏன் என் குழம்பில் உப்புப் பார்த்தாய், உன் சட்டிக்கரி என் அடுப்பில் ஒட்டிவிட்டது என்று பீலியடிச் சண்டை மாதிரி தினமும் பஞ்சாயத்து. இரண்டு பக்கத்து முறைப்பாடும் எனக்குத்தான் போனில் வரும். அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்: "பக்கத்து வீட்டுக்கும் சேத்துத்தான் கரண்டு வேணும்னு நான் அப்பவே சொன்னேன். இந்த லிங்கம் பயலுக்குத்தான் வெளங்கல." எப்போது சொன்னாள்? புகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாளா? கேட்டால் என்னைத்தான் பைத்தியக்காரனாக்குவாள்.

மழைக்காலம் முடிந்து வெயில் வந்த பிறகு ஒரு நாள். அப்புத்தளையில் ஒரு வேலைக்குப் போகப் பஸ்சில் இருந்தேன். போன் அடித்தது.

"டேய், கரண்டு போயிருச்சு" என்றாள் அக்கா.

"லயம் முழுக்கவா?"

"எங்க வீட்டுல மட்டும்தான்."

"நாலு தட்டையும் ஒண்ணாப் போட்டியா?"

"நாலு இல்ல. நாலும் ஓவனும்."

"எத்தனை தரம் சொன்னேன் அக்கா! ரெண்டுக்கு மேல போடாதேன்னு எத்தனை தரம்..."

"சும்மா கத்தாதடா, வாய் இருக்குன்னு! விதுர்ஷா வந்திருக்கா, ரெங்கம்மா மகன் வந்திருக்கான், அவன் கூட ரெண்டு பேரு வந்திருக்காங்க, இவ்வளவு சனத்துக்கும் ரெண்டு தட்டுல சோறும் கறியும் பருப்பும் வச்சு எப்ப நான் போட்டு முடிக்கிறது, நீ இழுத்த வயரு பெருசா தாங்கும் தாங்கும்னு பீத்திக்கிட்டியே, ஒரு ரொட்டி வேகுறதுக்குள்ள படக்குன்னு விழுந்திருச்சு, இதுல ஏர்த்துன்னு சொல்லி என் வல்லாரைப் பாத்தியையும் நாசம் பண்ணிட்டு இப்ப எங்கிட்டயே குதிக்கிறியா?"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவள் அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தாள். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. இழுப்பு இல்லை, இருமல் இல்லை. என் அக்கா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டு எவ்வளவு காலம்! சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"டேய், இருக்கியா?"

"இருக்கேன். திட்டு அக்கா. இன்னும் திட்டு."

"கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?" என்றாள் அவள். "சோறு அரை வேக்காட்டுல நிக்குது. எந்தத் தட்டை அணைச்சிட்டு எந்த பிரேக்கரைத் தூக்கி விடுறதுன்னு மொதல்ல சொல்லு."